வரத்தால் உதித்த பெயர்கள்

திருகோணமலை நகரத்தை ஒட்டி, உள்துறைமுகத்தின் அமைதியான நீர்ப்பரப்பை நோக்கி உயர்ந்து கிடக்கும் மேட்டு நிலத்தை அரசாங்கப் பத்திரங்கள் ஓர்ஸ் ஹில் என்று குறிக்க, அங்கே தலைமுறையாகக் குடியிருந்து வரும் தமிழ் மக்கள் உவர்மலை என்று வழங்குகின்றார்கள். ஓர் என்பது ஸ்கொத்லாந்து தேசத்துக் குடிப்பெயர்களுள் ஒன்று. பிரித்தானியர் 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றிய பின்னர், மலைக்கும் முனைக்கும் வீதிக்கும் தம்மவர் பெயர்களைச் சூட்டிச் சென்ற காலத்தின் எச்சம் அது. கடற்காற்றில் உப்புச் சுவை கலந்திருக்கும் அந்தக் கரையில், ஓர் என்ற அந்நிய ஒலியும் உவர் என்ற தமிழ்ச் சொல்லும் ஒன்றையொன்று நெருங்கி நின்றமையால், மலை இரண்டு பெயர்களையும் சிரமமின்றித் தாங்கிக்கொண்டது. இன்று அங்கே கிழக்கு மாகாண நிர்வாக அலுவலகங்கள் பல இருக்கின்றன. விவேகானந்தரின் பெயரைத் தாங்கிய கல்லூரி ஒன்றும் இருக்கின்றது.

நிலத்துக்கு வைக்கப்படும் பெயர் ஆட்சியோடு வருகின்றது. பெரும்பாலும் ஆட்சியோடு மங்கியும் போகின்றது. கோணேசர் என்ற பெயரில் சிவபெருமான் கோயில் கொண்டிருக்கும் கடலோரப் பாறையாகிய சுவாமி மலையை வளைத்து நிற்கும் கோட்டைக்கு 1803ஆம் ஆண்டில் பிரெட்ரிக் கோட்டை என்று பெயரிட்டார்கள். அது மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் குமாரரான யோர்க் கோமகனின் பெயர். மனிதருக்கு வைக்கப்படும் பெயரின் கதி வேறு. தாயும் தகப்பனும் குலதெய்வத்தை நினைத்து, பாட்டனையும் பாட்டியையும் நினைத்து, பிள்ளையின் காதில் ஓதும் பெயருக்கு எந்தத் தேசாதிபதியின் கட்டளையும் வேண்டியதில்லை. எந்தப் படையெடுப்பும் அதைப் பிடுங்கிவிட இயலாது. திருகோணமலையின் சரித்திரத்தைக் கோட்டைகளைக் கொண்டும் போர்க்கப்பல்களைக் கொண்டும் எழுதியவர்கள் பலர். அந்நகர மக்களின் இயற்பெயர்களைக் கொண்டு அதனை எழுதினால் வேறொரு சரித்திரம் தோன்றும் என்பது என் நெடுநாளைய எண்ணம். அந்த எண்ணத்தைத் தொடர்ந்து சென்றபோது, வெகு தூரத்தில் உள்ள ஸ்லாவிய மக்களின் புராதனப் பெயர் ஒன்று இந்நகரத்துப் பெயர் ஒன்றுக்கு உடன்பிறப்பைப் போல அமைந்திருப்பதையும் கண்டேன்.

கோணேசன், கோணேஸ்வரன், கோணேஸ்வரி, கோணேசபிள்ளை, கோணநாயகம், கோணாமலை, கோணலிங்கம் ஆகியவை திருகோணமலைப் பிரதேசத்திலும் அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்களிலும் வழங்கும் இயற்பெயர்கள். வேறோர் ஊரில் இத்தகைய பெயரைக் கேட்டவுடனே, அவருடைய பூர்வீகம் எது என்று வினவாமலே ஈழத்தவர் அறிந்துகொள்வார்கள். இப்பெயர்களின் வேராகிய கோணம் என்ற சொல்லுக்கு அறிஞர்கள் இருவகை வியாக்கியானம் கூறுவார்கள். மலையின் வடிவைக் கொண்டு கோணம், திரிகோணம் என்று வந்தது என்பது ஒரு சாராரின் கருத்து. மகாவம்சம் இவ்விடத்தைக் கோகண்ணம் என்கின்றது. வடமொழியில் அது கோகர்ணம். அதுவே தேய்ந்து கோணமாயிற்று என்பது மற்றொரு சாராரின் கருத்து. கோட்டையிலிருந்து கிடைத்த வடமொழிச் சாசனம் ஒன்று சக வருஷம் 1145இல், அதாவது கிறிஸ்துவுக்குப் பின் 1223இல், சோடகங்கன் என்னும் பிரபு கோகர்ணத்துக்கு வந்ததைக் கூறுவதால், பதின்மூன்றாம் நூற்றாண்டு வரையில் கோகர்ணம் என்ற பெயரும் வழக்கில் இருந்தமை தெளிவு. ஆயினும் அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே திருஞானசம்பந்தர் தம் பதிகத்தில் இத்தலத்தைக் கோணமாமலை என்று தமிழாலேயே அழைத்துவிட்டார். மக்கள் தம் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டது சாசனத்தின் பெயரையன்று, பதிகத்தின் பெயரையே.

சம்பந்தர் ஈழநாட்டுக்கு வந்தவரல்லர். இராமேசுவரத்தில் இருந்தவாறே, கடலுக்கு அப்பால் உள்ள கோணமாமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைத்து அவர் பாடினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கண்ணால் காணாத தலத்தின் அலையோசையையும் முத்துக் கொழிக்கும் கரையையும் அவர் பாடிய பாட்டு இக்கரைக்கு வந்து சேர்ந்தது. பாட்டோடு பாடியவரின் பெயரும் வந்து சேர்ந்தது. சம்பந்தன், சம்பந்தர், திருஞானசம்பந்தன் என்ற பெயர்கள் தமிழுலகம் முழுவதற்கும் பொதுவாயினும், கோணேசர் சந்நிதியில் அவற்றுக்கு உரிமை கூடிய ஒரு பொருள் உண்டு.

இனி, அந்தக் கோயிலுக்கு நேர்ந்த கதியைச் சொல்ல வேண்டும். சுவாமி மலையில் உச்சியிலும் நடுவிலும் அடிவாரத்திலுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்பதைப் போர்த்துக்கேயப் பாதிரியார் பெர்னாவோ டி கெய்ரோஸ் தம் நூலில் எழுதியிருக்கின்றார். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா டி நொரோஞ்ஞா அவற்றை இடிப்பித்து, அந்தக் கற்களைக் கொண்டே 1624ஆம் ஆண்டில் கோட்டையை எழுப்பினான். கருவறைக் கல் கொத்தளத்துக்குப் போயிற்று. தூண்கள் கடலில் விழுந்தன. கோட்டை வாயிற் சுவரில் தமிழ் எழுத்துகளோடும் கயல் இலச்சினையோடும் பதிந்திருக்கும் கற்பலகையை, அவ்வழியாகச் செல்லும் அடியார்கள் இன்றும் நின்று பார்த்துவிட்டே மேலே ஏறுகின்றார்கள். காப்பாற்றக் கூடிய மூர்த்திகளைப் பக்தர்கள் மறைத்தும் புதைத்தும் வைத்தார்கள். பின்னர் தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகர் கோயில் எழுந்தது. வயல் சூழ்ந்த அந்தக் கிராமத்தில் கோணேசர் கோணநாயகராக வழிபாடு பெற்றார். சுவாமி மலையில் கோயில் என்று சொல்லத்தக்க கட்டடம் எதுவும் இல்லாமல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன.

அம்மூன்று நூற்றாண்டுகளில் கோணேசர் எங்கே இருந்தார் என்று கேட்டால், பாறையுச்சியில் கடலை நோக்கிப் பூவும் பழமும் தேங்காயும் இட்டு நடந்த எளிய பூசையில் இருந்தார் என்று சொல்லலாம். தம்பலகாமத்தில் இருந்தார் என்று சொல்லலாம். வீடுகளில் பிள்ளைகளின் பெயராக இருந்தார் என்றும் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் உத்தியோகம் வேண்டியவன் ஞானஸ்நானம் பெற வேண்டும், விவாகத்தைத் திருச்சபையில் பதிய வேண்டும், ஏட்டில் கிறிஸ்தவப் பெயரொன்று ஏற வேண்டும் என்பது வழக்கமாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கட்டாயம் கடுமையாக நடந்தது. தோன் என்ற அடைமொழியோடு கூடிய பெயர்கள் அங்கே ஏடுகளை நிரப்பின. திருகோணமலையில் கோட்டைக்கு வெளியே வன்னிபங்கள் என்னும் குறுநிலத் தலைவர்களின் அதிகாரமும் கண்டி அரசின் செல்வாக்கும் பரவியிருந்தமையால் அந்தக் கட்டாயம் அவ்வளவு தூரம் எட்டவில்லை. எட்டிய இடத்திலும், ஏட்டுப் பெயர் ஒன்றும் வீட்டுப் பெயர் ஒன்றுமாக மனிதர் இரண்டு பெயர்களைச் சுமந்தார்கள். ஏட்டுப் பெயரைக் கேட்டவர் உத்தியோகத்தர். வீட்டுப் பெயரைச் சொல்லி அழைத்தவர் தாயும் அம்மம்மாவும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, பிள்ளையை மடியில் வைத்துக் காதில் பெயரை ஓதும் சடங்கில் திருச்சபையின் கை நுழைய முடியவில்லை.

கோணேசர் ஆலயத்தின் பழைய ஒழுங்குகளைக் கூறும் நூல்களுள் கோணேசர் கல்வெட்டு என்பது ஒன்று. பெயர் கல்வெட்டாயினும், செய்யுளும் உரைநடையும் கலந்த நூல் அது. சோழநாட்டு வரராமதேவனின் மகன் குளக்கோட்டன் இங்கே வந்து திருப்பணி செய்ததையும், தொழும்பு செய்வதற்குக் குடிகளைக் கொண்டுவந்து குடியேற்றித் தானத்தார் என்றும் வரிப்பற்றார் என்றும் வகுத்ததையும், அவர்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்க்க மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்பவனை அழைத்து வன்னிபமாக்கியதையும் அது விரித்துரைக்கின்றது. குளத்தையும் கோட்டத்தையும் அமைத்தவன் குளக்கோட்டன்; தனித்திருந்து உண்ணாத அரசன் தனியுண்ணாப் பூபாலன். ஒரு மனிதனின் செயலும் சீலமும் முழுவதும் பெயராகவே திரண்டு நிற்கும் இத்தகைய பெயர்களை நான் வேறு நூல்களில் அரிதாகவே கண்டிருக்கின்றேன். இரண்டாம் பெயரைப் படிக்கும்தோறும், நாலு பேருக்கு இலை போடாமல் தன் இலைமுன் அமராத பழைய குடும்பத் தலைவர்களின் முகம் என் மனத்தில் எழுகின்றது.

அந்நூலை இயற்றியவரின் பெயர் கவிராஜவரோதயர். வரம் என்பதும் உதயம் என்பதும் சேர்ந்தது வரோதயம். வரத்தினால் உதித்தவன் வரோதயன். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுள்ளும் வரோதய சிங்கையாரியன் என்று ஒருவன் இருந்தான். பிள்ளையில்லாத தாய் ஒருத்தி நோன்பிருந்து, நேர்த்தி வைத்து, தெய்வத்தின் முன் அழுது கேட்டுப் பெற்ற குழந்தைக்கே இப்பெயர் முதன்முதலாக உரியதாயிருத்தல் வேண்டும். பெற்றவர் தம் உரிமையைப் பேசாமல், தந்தவன் வேறொருவன் என்று ஒப்புக்கொள்ளும் பெயர் அது. வரதன், வரதராசா, தவராசா, தவமணி என்பனவெல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்த பெயர்கள். ஈழத்துத் தமிழ் வீடுகளில் இன்றும் கேட்பவை.

இந்த வரோதயனுக்கு உடன்பிறப்பாக ஸ்லாவிய மக்களிடையே வழங்கும் பெயர் போக்தான் என்பது. உக்ரேனியர் அதனைப் போஹ்தான் என்று உச்சரிப்பார்கள். செர்பியா, போலந்து, பல்கேரியா, உக்ரேன் ஆகிய தேசங்களிலெல்லாம் வெகு காலமாக வழங்கும் இயற்பெயர் இது. போக் என்பது ஸ்லாவிய மொழிகளில் கடவுள். தான் என்பது தரப்பட்டவன். கடவுளால் தரப்பட்டவன் என்பது பொருள். இதனோடு நின்றுவிடாமல் அச்சொற்களின் வேரைத் தோண்டிப் பார்த்தால், நம்முடைய வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகின்றோம். போக் என்ற சொல்லுக்கு ஆதியில் பங்கு, செல்வம், நற்பேறு என்ற பொருள் இருந்தது. செல்வம் உடையவனை அம்மொழிகளில் பொகாத் என்றும், அது அற்ற ஏழையை உபோக் என்றும் சொல்வது அதற்குச் சான்று. வடமொழியில் பங்கையும் நற்பேற்றையும் குறிக்கும் பகம் என்ற சொல்லும் அதுவும் ஒரே தொல்குடியைச் சேர்ந்தவை என்று மொழிநூலார் காட்டுவர். வேதத்தில் பகன் ஆதித்தியர்களுள் ஒருவன். பகவான் என்ற சொல்லும் பகவதி என்ற சொல்லும் அதிலிருந்து வந்தவை. நம் தாய்மாரும் பாட்டிமாரும் தாங்கிய பாக்கியம் என்ற பெயரும் அதே வேரின் கிளையே. தான் என்ற பிற்பகுதியோ, நாம் நாள்தோறும் சொல்லும் தானம் என்பதன் இனம். மகாபாரதத்தில் சுப்பிரதீகம் என்னும் யானைமீதேறிப் போர் புரிந்த பிராக்ஜோதிஷ மன்னனின் பெயர் பகதத்தன். தானுக்குப் பதில் தத்தன் என்று நின்றாலும், பகனால் தரப்பட்டவன் என்ற கருத்தில் அவனும் ஒரு போக்தானே.

பெயர்களின் உறவு வெறும் சொல்லுறவோடு முடிந்திருந்தால் இதை நான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை. திருகோணமலைப் பெயர்களுக்கு நேர்ந்ததும் ஸ்லாவியப் பெயர்களுக்கு நேர்ந்ததும் ஒரு வகையில் ஒத்திருக்கின்றன. கீவ் நகரத்து அரசன் விளாதிமிர் 988ஆம் ஆண்டில் கிறிஸ்தவத்தைத் தழுவித் தன் குடிகளையும் ஞானஸ்நானம் பெறச் செய்தான். அன்று அவனுக்குத் திருச்சபை இட்ட பெயர் வசீலி என்பது. அது கிரேக்கப் பெயர். ஆளும் தகைமையில் பெரியவன் என்று பொருள்படும் விளாதிமிர் என்ற அவனுடைய பழைய பெயருக்குத் தேவாலயத்தின் நாட்காட்டியில் அன்று இடமில்லை. அவனுடைய புதல்வர்களான பொரிஸ், கிளேப் இருவருக்கும் ரோமான், தாவீது என்ற பெயர்கள் கிடைத்தன. 1015இல் அவ்விருவரும் கொல்லப்பட்டு, பின்னர் புனிதர்களாக அறிவிக்கப்பட்டபோது, மக்கள் அவர்களை ரோமான் என்றும் தாவீது என்றும் வணங்கவில்லை. பொரிஸ் என்றும் கிளேப் என்றுமே வணங்கினார்கள். விளாதிமிரும் அவ்வாறே பழைய பெயராலேயே புனிதனானான். மக்களின் நாவில் ஊறிய பெயரைத் திருச்சபை இறுதியில் தன் பீடத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

போக்தானுக்கு அத்தகைய புனிதர் துணையாக வரவில்லை. ஆகையால் கிழக்குத் திருச்சபையில் அது நெடுங்காலம் வீட்டுப் பெயராகவே வாழ்ந்தது. 1648ஆம் ஆண்டில் போலந்து ஆட்சிக்கெதிராகக் கொசாக்குகளைத் திரட்டியெழுந்த தலைவன் போஹ்தான் ஹ்மெல்நித்ஸ்கியின் திருச்சபைப் பெயர் ஸினோவி என்பது. அப்பெயரை இன்று நினைப்பவர் சிலர். போஹ்தான் என்ற பெயரை உக்ரேனில் அறியாத பிள்ளை இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் மொல்தாவியாவை ஆண்ட முதலாம் போக்தானின் பெயரைக் கொண்டே துருக்கியர் அந்த நாடு முழுவதையும் போக்தான் என்று அழைத்தார்கள். பிள்ளையின் காதில் ஓதிய பெயர் ஒரு தேசத்தின் மேல் ஏறிய அருமையான செய்தி அது. எங்கள் ஊரின் பெயரோ கடலில் மிதந்தது: 1817ஆம் ஆண்டில் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பலுக்குத் திருகோணமலை என்றே பெயர் சூட்டினார்கள், அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் பேணப்படுகின்றது.

பழைய ஸ்லாவியர் பிள்ளைகளுக்கு இட்ட வேறு சில பெயர்களையும் இங்கே குறிப்பிடலாம். வெகு நாள் காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு ஷ்தான், எதிர்பாராமல் பிறந்த பிள்ளைக்கு நெஷ்தான், கண்ணேறு படாதிருக்க அழகில்லாதவன் என்று பொருள்படும் நெக்ராஸ் என்று அவர்கள் பெயரிட்டார்கள். தமிழகத்தில் முந்திய பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பன் என்றும் பெயரிட்ட துக்கத்தை அறிந்தவர்களுக்கு நெக்ராஸ் என்ற பெயருக்கு உரை வேண்டியதில்லை.

போக்தானோடு சேர்த்து இன்னொரு பெயரையும் நான் நினைக்கின்றேன். போலந்து நாட்டில் கிராக்கோ நகரத்தை அமைத்த கிராக் என்பவனின் மகள் வாண்டா. ஜெர்மானியத் தலைவன் ஒருவன் அவள்மேல் ஆசை கொண்டு படையோடு வர, அவளைக் கண்ட படை போரிட மறுத்ததாகவும், அவன் தன் வாளில் தானே வீழ்ந்ததாகவும் வின்சென்டி கட்லூபெக் தம் பழைய வரலாற்று நூலில் எழுதினார். பிற்காலத்தார் கதையை மாற்றி, வாண்டாவே விஸ்துலா நதியில் பாய்ந்து உயிர் துறந்தாள் என்றார்கள். கிராக்கோவுக்கு அருகே அவளுடைய சமாதி என்று ஒரு மண்மேட்டையும் காட்டுவார்கள். வாண்டா என்ற பெயருக்குத் தூண்டில் என்று பொருள் கூறி, தன் அழகால் யாவரையும் இழுத்தமையால் வந்த பெயர் என்று பதினைந்தாம் நூற்றாண்டு ஆசிரியர் யான் த்லுகோஷ் விளக்கினார். இன்றைய ஆராய்ச்சியாளரோ ஒரு பழைய இனப்பெயரோடு அதனை இணைப்பார்கள். சுவாமி மலையிலும் இதைப் போன்ற கதையொன்று உண்டு. இடிக்கப்பட்ட கோயிலின் தூண் ஒன்றில், 1687ஆம் ஆண்டைக் குறித்து, பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. காதலன் கப்பலேறிப் போனதைக் கண்டு அவள் அந்தப் பாறையிலிருந்து கடலில் பாய்ந்தாள் என்பது கர்ணபரம்பரை. ஏடுகளைத் தேடியவர்களோ அவள் அதன் பின்னும் மணம் புரிந்து வாழ்ந்ததைக் கண்டார்கள். தனித்து நின்ற பெண்ணின் பெயரைக் கண்டால் அவளை நீரில் தள்ளிவிடும் கதைகாரர்கள் எல்லாத் தேசத்திலும் இருந்திருக்கின்றார்கள். அது எனக்கு வருத்தம் தருகின்றது.

வாண்டா என்ற பெயர் தமிழ்நாட்டுக்கு வந்த வரலாறு இதனினும் இனியது. 1888இல் பிறந்த வாண்டா தினோவ்ஸ்கா என்னும் போலந்துப் பெண்மணி பிரம்மஞான சபையில் ஈடுபட்டு, 1935ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் அடியாரானார். இங்கே அவர் பெயர் உமாதேவி. தம் நாட்டவரான மௌரிஸ் பிரிட்மனுடன் சேர்ந்து இந்திய போலிஷ் நூலகம் என்ற பதிப்பகத்தைச் சென்னையில் நிறுவி, நம் நாட்டு நூல்களைத் தம் மொழியில் கொண்டுவந்தார். 1958இல் திருக்குறளையும் போலிஷ் மொழியில் தந்தார். பின்னர் 1977ஆம் ஆண்டில் வேறொருவர் குறளைப் போலிஷ் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். அவர் பெயர் போஹ்தான் கெம்பார்ஸ்கி. வள்ளுவரின் வாக்கைப் போலந்து மக்களுக்கு எடுத்துச் சென்ற இருவரும், அந்த இனத்தின் பழைய பெயர்களையே தாங்கியிருந்தார்கள்.

வாண்டா உமாதேவியானதை நினைக்கும்போது, கோணேசரின் இடப்பாகத்தில் வீற்றிருக்கும் அம்பிகையின் பெயரை நினையாமல் இருக்க முடியவில்லை. அவள் பெயர் மாதுமையாள். மாது என்பதும் உமை என்பதும் இணைந்த அந்தப் பெயரில் தமிழ்ப் பெண்மையும் வடமொழித் தெய்வமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. வேறெத்தலத்து அம்பிகையின் பெயரோடும் மயங்காத பெயர் அது. மாதுமை என்று ஒரு பெண்ணுக்குப் பெயரிட்டால் அவள் எந்தச் சந்நிதிக்கு உரியவள் என்பதைச் சொல்ல மேற்கொண்டு ஒரு சொல் வேண்டியதில்லை. கோணேஸ்வரி என்ற பெயர் பெருகிய அளவுக்கு இந்த இனிய பெயர் பெருகாமற் போனது எனக்கு ஒரு குறையாகவே தோன்றுகின்றது. பிறக்கப் போகும் பெண்பிள்ளைக்குப் பெயர் தேடும் திருகோணமலைத் தாய்மார் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கின்றேன்.

1950ஆம் ஆண்டில் நகரசபையார் கிணறு தோண்டியபோது, மண்ணுக்குள் மறைந்திருந்த பஞ்சலோக விக்கிரகங்கள் வெளிப்பட்டன. சிவபெருமானும் அம்பிகையும் விநாயகரும் முந்நூறு ஆண்டு இருளிலிருந்து வெளியே வந்தபோது, அவர்களை ஊரவர் தத்தம் பெயர்களாலேயே அழைத்து வரவேற்றார்கள். அப்பெயர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களாக நாள்தோறும் நாவில் இருந்தமையால் மறந்துபோக வழியே இருக்கவில்லை. 1956இல் முக்குளிப்பாளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமி மலையின் அடியிற் கடலுக்குள் மூழ்கி, கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். 1963ஆம் ஆண்டில் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கோணேசன் என்றும் கோணேஸ்வரன் என்றும் பெயர் தாங்கிய எத்தனையோ பேர் தங்கள் பெயருக்கு உரியவனின் கோயிலைத் தங்கள் கண்ணாலேயே அன்று முதன்முறையாகக் கண்டிருப்பார்கள்.

இக்காலத்தில் பிள்ளைக்குப் பெயரிடும் முறை மாறிவிட்டது. நட்சத்திரத்துக்குரிய எழுத்தும் எண்சாத்திரமும் முந்திக்கொள்கின்றன. கேட்க இனிமையாயிருந்தால் போதும் என்று பொருளில்லாத பெயர்களையும் புனைந்து வைக்கின்றார்கள். உவர்மலையில் உள்ள பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களில் ஷகரமும் ஜகரமும் மிகுந்து வருவதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் தன் செவிக்கு இன்பமானதைத் தேடும் உரிமை உண்டு. ஆயினும் தந்தையின் பெயரைத் தன் பெயருக்கு முன் வைக்கும் வழக்கம் ஈழத்தமிழரிடையே நின்று நிலைத்திருப்பதனால், மகனின் பெயர் எவ்வளவு புதிதாயிருந்தாலும் அதற்கு முன்னே ஒரு கோணேஸ்வரனோ ஒரு வரதராசாவோ இருந்துகொண்டே வருகின்றான்.

முன்னாளில் அந்த முதலெழுத்தில் ஊரும் இடம் பெற்றது. மோகனாங்கி என்ற தமிழின் முதல் சரித்திர நாவலை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளையும், அவருடைய தமையனார் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் இளமையில் சென்னைக்குச் சென்று, அங்கேயே தமிழ்ப் பணியில் வாழ்நாளைச் செலவிட்ட திருகோணமலையார். தகரம் தந்தையாரான தம்பிமுத்துப்பிள்ளையைக் குறிக்க, அதற்கு முன் நிற்கும் தி என்ற எழுத்துத் திருகோணமலையைக் குறிக்கின்றது. சென்னைப் பட்டணத்தில் அவர்கள் கையெழுத்திட்ட ஒவ்வொரு தடவையும் பிறந்த மண்ணை முதலில் எழுதிவிட்டே தந்தையையும் தம்மையும் எழுதினார்கள்.

வரோதயர் என்ற பெயரும் கோணேசர் கல்வெட்டோடு மறைந்துவிடவில்லை. 1950களில் பாராளுமன்றத்தில் திருகோணமலையின் பிரதிநிதியாக இருந்தவர் ந. இரா. இராசவரோதயம். 1933ஆம் ஆண்டில் அதே நகரத்தில் பிறந்து, 1977இல் முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி, பிற்காலத்தில் எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கி, 2024 ஜூன் 30இல் மறைந்த இரா. சம்பந்தனின் தந்தையார் பெயரும் இராசவரோதயம். கோணேசர் கல்வெட்டைப் பாடிய புலவரின் பெயர் தந்தையின் பெயராகவும், கோணமாமலைப் பதிகத்தைப் பாடிய ஞானசம்பந்தரின் பெயர் மகனின் பெயராகவும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்திருந்தன; அரை நூற்றாண்டுக் காலம் நாட்டின் செய்தித்தாள்கள் அந்த இரண்டு பெயர்களையும் ஒன்றாகவே அச்சிட்டு வந்தன.